மின்கம்பியின் இரைச்சலும் வாவி புகட்டும் பாடமும்

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் முதலிற் கேட்கும் வினா, "அங்கே மீன் பாடுமாமே, மெய்தானா?" என்பதேயாகும். வயலையும் தயிரையும் தேனையும் பற்றி வினாவுவதற்கு முன்னர் ஓர் ஓசையைப் பற்றி வினாவப்படும் பெருமை நமது வாவிக்கு உரியது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் என்பார் 1848ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் இங்கு வந்து, நிலவொளியில் தோணியேறி வாவியிற் சென்று அவ்வோசையைச் செவிமடுத்தார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலில் அதனை விரித்தெழுதினார். அது ஊரியின் குரல் என்று இவ்வூர் மக்கள் அவருக்குச் சொன்னார்கள். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் கற்றுக் கற்பித்து, பின்னர் இசையாராய்ச்சியில் ஆழ்ந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே, நீரர மகளிரின் இசையாக இதனைப் போற்றினார்.

இவ்வோசையைக் கேட்பதற்கு நம்மவர் கைக்கொண்ட உபாயம் ஒன்றுண்டு. தோணியை நிறுத்தி, துடுப்பின் அகன்ற நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்து வைப்பார்கள். நீருக்குள் எழும் ஓசை துடுப்பின் வழியே செவியை அடையும். மேலே வீசுங் காற்றின் ஓசையும், கல்லடிப் பாலத்தின் மீது விரையும் வண்டிகளின் ஓசையும் அந்த அளவுக்கு இடையூறு செய்யமாட்டா. வேண்டியதை ஏற்று வேண்டாததை ஒதுக்கும் இவ்வுபாயத்தையே மின்சாரத்துறையிலும் அறிஞர் வேறு வகையாற் கையாண்டனர். அவர்கள் படைத்த கருவிக்கு மின்வடி என்று பெயர். கடைகளில் 'பில்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது எவ்வாறு தொழிற்படுகிறது, நமது இல்லங்களில் அது எதனாற் பயனற்றுப் போகிறது என்பனவற்றை இக்கிழமை சிந்திப்போம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடைய ஆடலோட்டம். அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. விநாடி ஒன்றில் நிகழும் ஊசலாட்டங்களின் தொகையை மீடிறன் என்பர். அதன் அலகு ஹேர்ட்ஸ். ஆகவே நமது மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். வீட்டுக் கருவிகள் யாவும் இம்மெதுவான ஊசலாட்டத்தை எதிர்பார்த்தே செய்யப்பட்டுள்ளன.

எனினும், கம்பியில் வருவது இஃதொன்று மட்டுமன்று. எல்.ஈ.டி. மின்குமிழ், கைத்தொலைபேசிச் சார்ஜர், கணினி, தொலைக்காட்சி முதலியவற்றினுள்ளே மிக விரைவாக மூடித் திறக்கும் மின்னாளி ஒன்றுண்டு. அது வந்த மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றிற் பல இலட்சம் முறை, துண்டு துண்டாக நறுக்கியே தனக்கு வேண்டிய குறைந்த அழுத்தத்தைப் பெறுகிறது. சிக்கனமான முறைதான், ஆனால், ஒவ்வொரு வெட்டிலும் சிறு அதிர்ச்சி ஒன்று எழுந்து, வந்த கம்பி வழியே திரும்பி ஓடுகிறது. அரைக்கும் இயந்திரத்திலும் தையல் இயந்திரத்தின் மோட்டாரிலும் தூரிகை உராயுமிடத்தில் பொறி பறக்கிறது. மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் ஒவ்வோர் அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. இவையும் இரைச்சலைப் பிறப்பிக்கும்.

இந்த இரைச்சலின் மீடிறன், வானொலி நிலையங்கள் பயன்படுத்தும் மீடிறனோடு கலந்துவிடுகின்றது. மத்திய அலை ஒலிபரப்பு ஏறக்குறைய 530 கிலோஹேர்ட்ஸ் முதல் 1600 கிலோஹேர்ட்ஸ் வரை நடைபெறுவது. மின்குமிழை ஏற்றியவுடன் வானொலி கரகரப்பது இதனாலேயே. கொழும்பிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மத்திய அலையில் வந்த பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஊரே காத்திருந்த காலம் கழிந்து, பண்பலை வந்துவிட்டது. மத்திய அலையை நாடுவோர் அருகிவிட்டனர். ஆயினும் இரைச்சல் ஓய்ந்துவிடவில்லை. கருவிகள் பெருகிய அளவுக்கு அதுவும் பெருகிற்று. கணினி, தொலைபேசி இணைப்பு, வைத்தியசாலையின் நுண்கருவி யாவும் இன்று அதனோடு போராட வேண்டியிருக்கின்றது. வானொலிக்கு நேரும் இடையூற்றை ஆராய்வதற்கென்றே 1934இல் அனைத்துலகக் குழுவொன்று பாரிஸ் நகரிற் கூடியது. 'சிஸ்பர்' எனப்படும் அக்குழு வகுத்த விதிகளின்படி, வீட்டுக் கருவிகள் பலவும் 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலான இரைச்சலைக் கம்பியில் ஓரளவுக்கு மேல் விடுதலாகாது. அவ்விதியை நிறைவேற்றுவது, கருவியின் வாயிலில் வைக்கப்படும் மின்வடியேயாம்.

வாவியே ஒரு வடி

மின்வடியின் தத்துவத்தை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவி, கடலோடு ஒடுங்கிய முகத்துவாரங்களாற் றொடர்புற்றிருக்கிறது. கல்லடிக் கடற்கரையிலே நின்றால், சில விநாடிகளுக்கொருமுறை அலை வந்து மோதுவதைக் காண்கிறோம். அரை மைல் மேற்கே வந்து வாவிக்கரையில் நின்றால் அவ்வலை எங்கே? தோணி அசையாமற் கிடக்கின்றது. ஆயினும், வாவி கடலை அறியாதிருக்கின்றது என்று கூறுவதற்கில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் கடலின் ஏற்றவற்றம் மெல்ல உள்ளே வந்து சேர்கிறது, நீரும் உவர்க்கின்றது.

வேகமான அலை நுழையாமைக்கும் மெதுவான ஏற்றவற்றம் நுழைதற்கும் காரணம் யாது? இரண்டு காரணங்கள் சேர்ந்து தொழிற்படுகின்றன. முதலாவது, ஒடுங்கிய முகத்துவாரத்தில் உள்ள நீருக்குத் திணிவு உண்டு. அதனை உள்ளே தள்ளத் தொடங்கியதும் அது உடனே விரைவதில்லை. விரையத் தொடங்குமுன் அலை பின்வாங்கிவிடுகிறது. இரண்டாவது, உள்ளே பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு பெரிது. சிறிதளவு நீர் நுழைந்தாலும் அது பரந்த பரப்பிலே பரவிப்போவதால் நீர்மட்டம் உயர்ந்ததாகத் தோன்றுவதில்லை. ஏற்றவற்றமோ ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கொருமுறை வருவது. ஆதலால் முகத்துவாரத்து நீர் நகர்வதற்கும் வாவி நிரம்புவதற்கும் அதற்கு வேண்டிய அவகாசம் இருக்கின்றது.

இன்னொரு வியப்பும் உண்டு. பத்து விநாடிக்கொருமுறை மோதும் அலையோடு ஒப்பிட்டால், ஏற்றவற்றம் ஏறக்குறைய 4500 மடங்கு மெதுவானது. 150 கிலோஹேர்ட்ஸ் இரைச்சலோடு ஒப்பிட்டால், நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் 3000 மடங்கு மெதுவானது. இயற்கை முகத்துவாரத்திற் செய்வதும், பொறியியலாளர் சிறு பெட்டிக்குள் செய்வதும் ஏறக்குறைய ஒரே அளவான பிரிப்பு வேலையாக அமைந்திருக்கின்றன.

சுருளும் தகடும்

முகத்துவாரத்தின் வேலையை மின்வடியிற் செய்வது கம்பிச் சுருள். இதனைத் தூண்டி என்பர். சுருளினூடே மின்னோட்டம் மாறும்போது அதைச் சூழ்ந்த காந்தப் புலமும் மாறி, அம்மாற்றத்தையே எதிர்க்கின்றது. மாற்றம் மெதுவாயின் எதிர்ப்பு அற்பம். விரைவாயின் எதிர்ப்பு மிகுதி. வாவிப் பரப்பின் வேலையைச் செய்வது கொள்ளளவி; வானொலி திருத்துவோர் இதனைக் கண்டென்சர் என்று வழங்குவர். இரு உலோகத் தகடுகளும் அவற்றிடையே மின்கடத்தாத மெல்லிய படலமும் கொண்ட இது, மின்னைத் தேக்கி வைப்பது. மாற்றம் மெதுவாயின் இது மூடிய கதவு போல நிற்கும். விரைவாயின் திறந்த கதவு போலாகிவிடும். இவ்வாறு ஒன்றுக்கொன்று நேர்மாறான இயல்புடைய இவ்விரண்டையும் இணைத்ததிலேயே மின்வடியின் மருமம் அடங்கியிருக்கிறது.

கணக்கை விரும்பும் மாணாக்கருக்காகச் சில எண்கள் தருவோம். 1 மில்லிஹென்றி அளவான தூண்டி ஒன்று 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு ஓர் ஓமில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. அதே தூண்டி 1 மெகாஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு 6000 ஓமுக்கு மேற்பட்ட எதிர்ப்பைக் காட்டும். கொள்ளளவியை எடுத்துக்கொண்டால், 0.1 மைக்ரோபரட் அளவான ஒன்று 50 ஹேர்ட்ஸுக்கு ஏறக்குறைய 32000 ஓம். 1 மெகாஹேர்ட்ஸுக்கு 1.6 ஓம் மாத்திரமே. கம்பியின் வழியிலே தூண்டியை வைத்தால் இரைச்சலின் பாதை அடைபடுகிறது. கம்பிகளுக்குக் குறுக்கே கொள்ளளவியை வைத்தால் இரைச்சலுக்கு வேறு வழி திறக்கின்றது. இல்லத்துக்கு வேண்டிய மின்சாரமோ, முன்னதால் தடைப்படாமலும் பின்னதால் வழி தவறாமலும் வந்து சேருகின்றது. கருவியிலிருந்து வெளியேறும் இரைச்சலுக்கும், வெளியிலிருந்து நுழையும் இரைச்சலுக்கும் காவல் ஒன்றே.

இத்தகைய வடிகளை முதலில் வேண்டியவர்கள் தொலைபேசிக்காரர்கள். ஒரே கம்பியிற் பல பேச்சுக்களை அனுப்பிப் பின் பிரித்தெடுக்கும் பொருட்டு, அமெரிக்காவில் ஜோர்ஜ் கம்பெல் என்பாரும், ஜேர்மனியில் கார்ல் வில்லி வாக்னர் என்பாரும், 1915ஆம் ஆண்டளவில் ஒருவரையொருவர் சாராமலே இதனை வகுத்தனர். பேச்சைப் பிரிக்கப் பிறந்தது பின்னர் இரைச்சலைப் பிரிக்கவும் பயன்பட்டது.

கொம்புமுறியும் இரட்டைச் சுருளும்

இரைச்சல் இருவகையாகக் கம்பியிற் செல்லும். முதல் வகை, உயிர்க்கம்பியிற் சென்று நொதுமற் கம்பியில் திரும்புவது. மின்சாரமும் இவ்வாறே செல்வது. இரண்டாம் வகை சற்று விந்தையானது: இரு கம்பிகளிலும் ஒரே திசையில் ஒருமித்து ஓடி, நிலத்தின் வழியாகத் திரும்புவது. இரண்டாம் வகையைத் தடுப்பதற்குப் பெரிய தூண்டி வேண்டும். ஆனால் பெரிய தூண்டியின் காந்த உள்ளகம், வீட்டுக்குரிய மின்னோட்டத்தின் பாரத்தினால் நிரம்பித் தன் ஆற்றலை இழந்துவிடுமே! இதற்கு அறிஞர் கண்ட தந்திரத்தை, கண்ணகியம்மன் வழிபாட்டோடு கூடிய நமது கொம்புமுறி விளையாட்டைக் கொண்டு விளக்கலாம்.

வடசேரியார் ஒருபுறமும் தென்சேரியார் மறுபுறமும் நின்று, கொளுவிய கொம்புகளை வடங்கட்டி இழுக்கின்றனர். இருபக்க வலிமையும் ஒத்திருக்கும் வரையில், எத்தனை பேர் எத்துணை வலிந்து இழுத்தாலும் கொம்பு இருந்த இடத்தில் நிற்கும். இரு சேரியாரும் ஒரே திசையில் இழுப்பரேல், கொம்பு அக்கணமே பெயர்ந்துவிடும். மின்வடியினுள் பெரைற்று வளையம் ஒன்றில் உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் இரு சுருள்களாகச் சுற்றுவர். மின்சாரம் ஒன்றிற் சென்று மற்றதில் திரும்புவதால், அவ்விரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் பாரமறியாது. இரைச்சலோ இரண்டிலும் ஒரே திசையில் வருவதால் விளைவுகள் ஒன்றுகூடி, முழு எதிர்ப்பையும் சந்திக்கின்றது. எதிரெதிராக இழுப்பவரைக் கண்டுகொள்ளாமல், ஒரே திசையில் இழுப்பவரை மட்டும் தடுத்து நிறுத்தும் காவற்காரன் என இவ்வளையத்தைக் கருதலாம். கணினியின் வடத்தில் முடிச்சுப் போற் பருத்திருக்கும் கறுத்த உருளையும் இவ்வினத்தைச் சேர்ந்ததேயாம்.

முகத்துவாரம் வெட்டப்படாவிடின்

இனி, நாம் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானதற்கு வருவோம். மாரி காலத்தில் வெள்ளம் பெருகி வாவி நிறையும்போது, மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுவது இங்கு நெடுங்கால வழக்கம். வெட்டாவிட்டால் நீர் எங்கே போகும்? வயலுக்குட் புகும், வளவுக்குட் புகும். வெள்ளத்தைத் தடுத்தால் மட்டும் போதாது. அதற்குப் போக்கிடமும் காட்ட வேண்டும்.

மின்வடிக்கும் இந்நியதி பொருந்தும். உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் குறுக்கே இடப்படும் கொள்ளளவி 'எக்ஸ்' வகையினது. இவ்விரு கம்பிகளிலிருந்தும் கருவியின் உலோக உடலுக்கும் புவிக்கம்பிக்கும் இணைக்கப்படுவன 'வை' வகையின. ஒருமித்து ஓடிவரும் இரைச்சலுக்குப் போக்கிடம் காட்டுவன இந்த 'வை' கொள்ளளவிகளே. அவை இரைச்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் புவிக்கம்பி. அக்கம்பி சுவரின் வழியே இறங்கி, வளவில் நாட்டிய உலோகக் கோலினூடாக மண்ணை அடைய வேண்டும்.

மூன்று முனையுள்ள சதுரச் செருகிகள் அமைந்த வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றை நினைவூட்டுவோம். இருமுனைச் செருகி கொண்ட கருவியை மாட்ட வேண்டும். கீழ்த்துளைகளின் மூடி திறவாது. உடனே மேற்றுளையில் பேனா மூடியையோ ஈர்க்குக் கட்டையையோ நுழைத்து மூடியைத் திறந்து, செருகியைத் திணித்துவிடுகின்றோம். அம்மேற்றுளையே புவிக்கம்பிக்குரிய வாயில்! மூன்று முனையுள்ள கணினிச் செருகியை இரு முனைப் பொருத்தியின் வழியே மாட்டுவதும் இவ்வழக்கத்தின் உடன்பிறப்பு. சில வீடுகளில் மேற்றுளை இருக்கும். அதன் பின்னாலே கம்பி இராது. வேறு சிலவற்றிற் கம்பி இருக்கும். வளவிலே நாட்டிய கோல், கடலுப்புக் காற்றில் துருவேறி, கம்பியோடு கூடிய பிடிப்பைக் கைவிட்டிருக்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரையிலே, மேல்மணல் காய்ந்துபோகும் கோடையில், ஆழமற்ற கோலுக்கும் ஈரமண்ணுக்கும் தொடர்பே அற்றுப்போதலும் உண்டு.

அப்பொழுது நிகழ்வது யாது? இரைச்சலுக்குப் போக்கிடமில்லை, ஆகவே மின்வடி பாதி முடமாகிறது. அத்தோடு நில்லாது, 'வை' கொள்ளளவியின் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் கருவியின் உலோக உடலிலே தங்கி நிற்கின்றது. வெறுங்காலோடு ஈரநிலத்தில் நின்று கணினிப் பெட்டியைத் தொட்டவர்க்கு விரலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் இக்கசிவே. 4700 பிக்கோபரட் அளவான கொள்ளளவி ஒன்று 230 வோல்ற்றிற் கசியவிடுவது ஏறக்குறைய 0.34 மில்லியம்பியர். நேரே உயிரைப் பறிக்கும் அளவன்று இது. ஆயினும், திடுக்குற்றுக் கையை இழுப்பவர் அருகிலுள்ள சுடுநீர்ப் பானையிலோ ஏணியிலோ மோதலாம். இதனினும் கொடியது வேறொன்று. அக்கருவியினுள்ளே உயிர்க்கம்பி ஒருநாள் அறுந்து உடலைத் தொட்டுவிட்டால், புவிக்கம்பி இல்லாத வீட்டில் உருகி உருகுவதற்கான பெருமின்னோட்டம் பாய்வதில்லை. உடல் முழுவதும் 230 வோல்ற்றில் நிற்க, தொடுபவரின் தேகமே முகத்துவாரமாகிவிடும். நன்னிலையில் உள்ள ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியர் அளவிலே இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கலாம். ஆனால் அதுவும் இல்லாத, அல்லது பழுதுற்ற வீடுகளை எண்ணிப் பாருங்கள். விரலில் ஊரும் அச்சிற்றெறும்பை, கருவியின் குணமென்று தள்ளிவிடலாகாது. 'இவ்வீட்டில் மண்ணுக்கு வழியில்லை' என்று அது நமக்கு அறிவிக்கின்றது.

இவ்வாபத்தை உணர்ந்தே 'வை' வகைக் கொள்ளளவியைத் தனி விதிகளுக்கு அமையச் செய்கின்றனர். பழுதுறின் அது இணைந்து போகாமல் அறுந்து போகும் இயல்பினதாக இருத்தல் வேண்டும். மலிவான சாதாரணக் கொள்ளளவியை அவ்விடத்திற் பொருத்துவது, வாயிற்காவலனை நீக்கிக் கள்வனை அமர்த்துவதற்கு ஒப்பாகும். திருத்துவோரிடம் கருவியைக் கொடுக்கும்போது இதனை வினாவத் தயங்க வேண்டியதில்லை.

மின்வடியால் ஆகாதவை

கடைத்தெருவில் மின்வடியின் பெயராற் பல வாக்குறுதிகள் விற்கப்படுகின்றன. ஆதலின் அதனால் ஆகாதவற்றையும் கூறுதல் கடன். மின்வடி தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்த்தாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் முழங்கிவரும் மின்னலைத் தாங்காது. அதற்குரிய காப்பு வேறு. மின்கட்டணத்தையும் குறைக்காது. செருகிவிட்டாற் கட்டணம் குறையுமென்று விளம்பரப்படுத்தப்படும் சிறு பெட்டிகள் பலவற்றினுள் இருப்பது ஒரு கொள்ளளவியும் ஒரு சிறு விளக்குமே. வீட்டு மின்மானி கணக்கிடுவது நாம் மெய்யாகச் செலவிட்ட சக்தியை. அதனை அப்பெட்டி குறைப்பதில்லை.

ஆகாயத்தின் வழியே வரும் இரைச்சலையும் மின்வடி தடுக்கமாட்டாது. நமது கரையோரத்தில் இது கருதத்தக்கது. கடற்காற்று கொணரும் உப்பு, மின்கம்பத்தின் பீங்கான் காவலிகளிற் படிகின்றது. விடியற் பனியில் அவ்வுப்பு நனைந்ததும் மின்சாரம் அதன்மேற் கசிந்து சிறு பொறிகளை எழுப்பும். அப்பொறி ஒவ்வொன்றும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். வானொலியின் அன்ரெனா அதனை நேரே வாங்கிக்கொள்வதால், கம்பியில் எத்தனை வடிகளை வைத்தும் பயனில்லை. பெருமழை பெய்து காவலியைக் கழுவினால் இரைச்சல் தானே அடங்கும். அடங்காவிடின் மின்விநியோக அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதும், அதில் ஏறிப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுதலாகும்.

இன்னும் ஒன்று. மின்வடி மீடிறனை அறியுமேயன்றி நன்மை தீமையை அறியாது. இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவி, தேகத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ற்று அளவான குறியை வாங்குகின்றது. அதனோடு சுவரிலுள்ள மின்கம்பியின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் கலக்கும். அதனை நீக்கும் வடியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், இதயத்தின் நுண்ணிய அசைவுகளும் சேர்ந்து மழுங்கிவிடும். நோயை மறைத்த தெளிவு தெளிவாகுமா? ஆகவேதான் வைத்தியர், வடியை நம்புவதற்கு முன்னர், நோயாளியின் கட்டிலுக்கருகே உள்ள வடங்களையும் புவித்தொடுப்பையும் சீர்செய்யச் சொல்வர்.

நமது வாவியின் பாட்டுக்கும் இவ்விடர் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பிற் பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வோசையைப் பதிவு செய்தார். அத்தகைய முயற்சியை இன்று மேற்கொள்பவர், கரையிலுள்ள மின்கம்பியின் ரீங்காரத்தையும் கூடவே பதிவுசெய்ய நேரும். அமெரிக்காவிலே, சான்பிரான்சிஸ்கோவை அடுத்த சோசலிற்றோ என்னும் ஊரில், 1980களில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. படகு வீடுகளில் வாழ்ந்தோர் இரவு முழுவதும் ஒரு ரீங்காரத்தைக் கேட்டு உறக்கமிழந்தனர். நீர் இறைக்கும் பம்பியோ, மின் இயந்திரமோ, நீர்மூழ்கியோ என்று பலவாறு ஐயுற்றனர். ஆராய்ந்தபோது அது மீன்! தேரை மீன் இனத்தைச் சேர்ந்த ஆண் மீன்கள், பெண் மீன்களை அழைக்கும் குரல் அது. அதன் மீடிறன் ஏறக்குறைய 100 ஹேர்ட்ஸ். நமது நாட்டு மின்நிலைமாற்றிகள் முனகுவதும் அதே 100 ஹேர்ட்ஸில்தான். இவ்விரண்டையும் ஒரு மின்வடியிடம் கொடுத்தால், அது மீனையும் இயந்திரத்தையும் ஒன்றாகவே நீக்கும். அல்லது ஒன்றாகவே விடும். எது பாட்டு, எது இரைச்சல் என்று தீர்மானிப்பது மனிதனின் பொறுப்பு. அதனைக் கருவியிடம் ஒப்படைக்க இயலாது.

இல்லத்திற் செய்யத்தக்கவை

மின்வடி வாங்குவதற்கு முன்னர், இரைச்சல் வரும் வழியை அறிதல் முறை. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலியை நிலையமற்ற இடத்தில் வைத்துக் கேளுங்கள். பின்னர் வீட்டின் பிரதான சுவிச்சை அணையுங்கள். இரைச்சல் அப்பொழுதும் தொடருமாயின் அது வெளியிலிருந்து வருவது. நின்றுவிட்டால் பகைவன் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றான். மீண்டும் மின்சாரத்தை ஏற்றி, மின்குமிழையும் சார்ஜரையும் ஒவ்வொன்றாக இயக்கி அவனை அடையாளங் காணலாம். பெரும்பாலும் மிக மலிவாக வாங்கிய ஒன்றே குற்றவாளியாக இருக்கும். விலையைக் குறைக்க விரும்பும் செய்வோன் முதலில் விட்டுவிடுவது மின்வடியைத்தான். அதனை மாற்றுவதே பல வேளைகளிற் போதிய சிகிச்சையாகும். மின்வடியே வேண்டுமெனின், அதனை இரைச்சல் எழுப்பும் கருவிக்கு இயன்றவரை அண்மையில் வைக்க வேண்டும். நெடிய கம்பிக்கு அப்பால் வைத்தால், அக்கம்பியே அன்ரெனாவாகி இரைச்சலைப் பரப்பும்.

இவை யாவற்றுக்கும் முன்னர், தகுதிபெற்ற மின்சார வேலையாளர் ஒருவரை அழைத்துப் புவித்தொடுப்பை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோல் துருவேறியதா, பிடி தளர்ந்ததா, ஒவ்வொரு செருகிக்கும் மூன்றாவது கம்பி வந்து சேருகின்றதா என்று அவர் சோதிக்கட்டும். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பாருங்கள். மேற்றுளையில் எதனையும் நுழைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளாதிருக்க, முதலில் பெரியோர் அதனைக் கைவிடல் வேண்டும். சிறுவர் காண்பதையே செய்வர் அன்றோ?

ஆயிரம் ரூபாய்க் கருவிக்குள் இருக்கும் நுண்ணிய வடியும், வளவின் மூலையில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் கோலும் ஒரே வேலையின் இரு பாதிகள். ஒன்றை வாங்கி மற்றதை மறப்பவர், வாவிக்கு அணை கட்டிவிட்டு முகத்துவாரத்தை மறந்தவரை ஒப்பர். மழைக்கு முன்னே வழியை வெட்டிவைப்பது நம்மவர்க்குப் புதிதன்று. அவ்வறிவை வீட்டுச் சுவரின் மூன்றாவது துளைக்கும் செலுத்துவோமாக.

வருங்கிழமை, மின்வடியால் தாங்கவியலாத மின்னலைப் பற்றியும், இடிதாங்கியைப் பற்றியும் சிந்திப்போம்.